பாலத்துக்குக் கீழே நிற்கும் பஸ்

சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் முழுசாகத் திறக்கப்பட்டது. 7.87 கிலோமீட்டர் நீளம், சுமார் 441 கோடி ரூபாய் செலவு. குரங்குச்சாவடியில் ஏறினால் அண்ணா பூங்காவில் இறங்கலாம். கார்க்காரருக்கு அருமையான பாலம், மறுக்கவில்லை. ஆனால் வழியில் ஆள் ஏற்றி இறக்க வேண்டிய டவுன் பஸ்ஸுக்கு மேலே என்ன வேலை? சூரமங்கலத்திலிருந்து வரும் பஸ் கீழேதான் பைக், ஆட்டோ, கார் எல்லாத்தோடும் சிக்னலில் நிற்கணும்.

ஜூரிக் நகரம் வேறு வழியில் போனது. 1973 வாக்கெடுப்பில் அந்த ஊர் மக்கள் சுரங்க ரயில் திட்டத்தை நிராகரித்தார்கள். 1977இல் டிராமையும் பஸ்ஸையும் வேகப்படுத்த 20 கோடி பிராங்க் ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். அதில் முக்கியமான வேலை சிக்னல். பஸ் நெருங்குவது தெரிந்தால் பச்சையைச் சில நொடி நீட்டு, இல்லையென்றால் சிவப்பைச் சீக்கிரம் முடி. லாஜிக் இவ்வளவுதான்.

உடனே நம்ம ஆட்கள், "பஸ்ல ஜிபிஎஸ் இருக்கே, சிக்னலோட இணைச்சிட்டா போதுமே" என்பார்கள். எங்கள் தொழிலின் வியாதி இது, எதையும் ஒரு ஏபிஐ தீர்த்துவிடும் என்று நம்புவது. நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால், பச்சை நீளும் நேரத்தில் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும். நீட்டிய நொடிகளை மற்ற வண்டிகள் தின்றுவிடும், பஸ் கிளம்பும்போது சிவப்பு. வரிசையில் இருபது வண்டிக்குப் பின்னால் நிற்கிற பஸ்ஸுக்கும் ஐந்து நொடி போதாது.

அடுத்தது அந்தக் கவுண்ட்டவுன் கடிகாரம். நமக்கு அதைப் பார்த்துத்தான் வண்டியை ஆஃப் பண்ணிப் பழக்கம். பஸ்ஸுக்காக நொடியைக் கூட்டிக் குறைத்தால் அது காட்டும் எண் பொய்யாகிவிடும். மூன்று வரும்போதே ஹாரன் அடிக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. கடிகாரத்தை எடுப்பதா, பஸ்ஸுக்கு வழி விடுவதா என்று முதலில் முடிவெடுக்கணும்.

ஒரு பஸ்ஸில் அறுபது பேர், பக்கத்துக் காரில் ஒருவர் என்றால், வண்டியை மட்டும் எண்ணுகிற சிக்னலுக்கு இரண்டும் ஒன்றுதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட்டை இலவசமாக்கிய அரசு அவர்களுடைய நேரத்துக்கும் ஒரு விலை வைக்கலாம். முதல் வேலையாக, நிறுத்தத்தைச் சிக்னல் தாண்டி ஐம்பது மீட்டர் தள்ளி வைக்கலாம். கம்பமும் கூரையும் பெயர்த்து நடுகிற செலவுதான்.