தொலைக்காட்சித் தொடர்களில் பெண் வேட்கை: ‘கோலங்கள்’ தொடரை முன்வைத்து

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் பாலியல் இல்லை என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். தழுவல் இல்லை, முத்தம் இல்லை. எனவே குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாம் என்பர். இக்கருத்து மறுஆய்வுக்குரியது. இரண்டாம் மனைவி, மறைக்கப்பட்ட குழந்தை, கற்பின்மீதான ஐயம், கருவுறுதல் ஆகியவற்றை நீக்கிவிட்டால் இத்தொடர்களில் கதையென எஞ்சுவது சொற்பமே. பாலியல் அங்கு நிறைந்தே இருக்கின்றது. பெண் தன் வேட்கையைத் தன் வாயால் சொல்வதுதான் இல்லை.

திருச்செல்வம் இயக்கத்தில் 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘கோலங்கள்’ இதற்கு ஏற்ற சான்றாகும். தேவயானி ஏற்று நடித்த அபி, பொருளாசை மிக்க கணவன் பாஸ்கரைப் பிரிந்து, கட்டுமானத் தொழிலில் தன் உழைப்பால் உயர்பவள். பெண்ணின் பொருளாதாரத் தற்சார்பை இத்துணை விரிவாகக் காட்டியமைக்காக அத்தொடரைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆயினும் அதன் கதைப்பின்னல் நோக்கத்தக்கது. அபியின் தந்தைக்கு வேறொரு குடும்பம் உண்டு. அக்குடும்பத்தில் பிறந்த ஆதியே அவளுக்குப் பெரும் பகைவனாகின்றான். தந்தையின் வேட்கை ஆறாண்டுக் கதைக்கு வித்தாகின்றது. மகளுக்கும் அப்படியொன்று இருக்கக்கூடும் என்பதைத் தொடர் கருதிப் பார்ப்பதாகவே தெரியவில்லை.

அபிக்கு உற்ற துணையாய் நிற்கும் நண்பனின் பெயர் தொல்காப்பியன், சுருக்கமாக ‘தொல்ஸ்’. இயக்குநரே அப்பாத்திரத்தை ஏற்றார். தற்செயலாயினும் சிந்திக்கத்தக்க பெயர்! தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வெளிப்படக் கூறும் மரபு இல்லை என்று தொல்காப்பியக் களவியல் வரையறுப்பதை நாம் அறிவோம். ஆனால் அவ்வரையறை தலைவியின் வாயை அடைத்துவிடவில்லை. தோழியிடம் அவள் பேசுகின்றாள், நெஞ்சிடம் பேசுகின்றாள். வெள்ளிவீதியாரின் பாடல்களில் உடலின் வருத்தமே கூற்றாகின்றது. அகமரபு நாணத்தை விதித்தது, பேச்சையும் வழங்கியது. தொடரின் தொல்காப்பியனோ அபியின் தொழிற்சிக்கல்களையும் குடும்பத் துயரங்களையும் கேட்பவன். அந்நட்பு களங்கமற்றது எனத் தொடர் வலியுறுத்துகின்றது. கணவனைப் பிரிந்த பெண் மதிப்போடு வாழவேண்டுமாயின் வேட்கையற்றவளாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்கிடை. இரு குடும்பம் நடத்தும் ஆணை ஏற்கும் பார்வையாளர், மறுமணம் விழையும் பெண்ணை ஏற்கமாட்டார் என்னும் வாதம் எனக்கு உடன்பாடன்று.

எதிர்நிலைப் பெண்பாத்திரங்கள் பற்றி நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. கையில்லா இரவிக்கையும் விரித்த கூந்தலும் ஒரு காலத்தில் ஒழுக்கக்கேட்டின் குறியீடுகளாயின. பின்னர் ‘தெய்வமகள்’ (2013–2018) தொடரின் காயத்திரி புடைவையும் பொட்டும் நகையுமாகவே தீமை செய்தாள். அவள் விழைந்தது சொத்தும் அதிகாரமும். உடை மாறியது, வேட்கை குறித்த மௌனம் மாறவில்லை.

இத்தொடர்கள் ஆஸ்ட்ரோ வழியாக மலேசிய இல்லங்களுக்கும் வந்தன. நம் மாணவர் பலருக்குத் தலைவியின் நாணம் பற்றிய முதற்பாடம் குறுந்தொகை அன்று. அவர்கள் வகுப்பிற்கு வருமுன்பே மௌனமான பெண்ணே நல்ல பெண் எனப் பார்த்துப் பழகியிருப்பர். அபி தன் தோழியிடம் மனம் திறந்திருந்தால் என்ன கூறியிருப்பாள் என்று, தலைவி கூற்றாக ஒரு பத்தி எழுதுமாறு அவர்களைப் பணிக்கலாம்.