ஓராண்டுச் சலுகை

பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர்களை இயந்திரவியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை ஆதரிப்போர், ஆண்டுதோறும் சேர்க்கைப் பருவம் வந்ததும், ‘ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு மிச்சம்’ என்ற ஒரே வாக்கியத்தால் எல்லா ஆக்ஷேபங்களையும் அடக்கிவிடுகிறார்கள். அந்த ஓராண்டு மிச்சந்தானா என்பதிலேயே எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

வழக்கத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பத்தாம் வகுப்போடு தொழில் கற்கப் போக நேர்ந்தவனுக்கு, பிளஸ் டூவின் 200 மதிப்பெண் கட்-ஆஃபைத் தவிர வேறொரு வாசலும் உண்டு என்று காட்டியது அதுதான். லேத்திலும் வரைபடத்திலும் அவன் சக மாணவரை விஞ்சுவதும் உண்டு.

ஆனால் அவன் போய் உட்காரும் வகுப்பு எது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி இயந்திரவியலின் மூன்றாம் பருவத்தில் வெப்ப இயக்கவியலும், பாய்ம இயக்கவியலும், பொறியியல் இயக்கவியலும் ஒருங்கே தொடங்குகின்றன; அவற்றோடு உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் கணிதப் பாடமாக வருகின்றன. முதற்பருவத்தில் அணிகளையும் நுண்கணிதத்தையும், இரண்டாம் பருவத்தில் புள்ளியியலையும் எண்சார் முறைகளையும் படித்து வந்தவனை மனத்திற்கொண்டே இவை அமைக்கப்பட்டிருக்க, டிப்ளமாக்காரனோ பாலிடெக்னிக்கின் முதலாண்டோடு கணிதத்திடம் விடைபெற்று, இரண்டாண்டுக் காலம் அதன் முகத்தில் விழிக்காமல் வந்து சேர்கிறான்.

இன்னும் பரிதாபமான நிலை ஒன்றுண்டு. பத்தாம் வகுப்புக்குப்பின் ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பயின்றவனை டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவனே பிறகு பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாக நுழைகிறான். கணிதம் கற்பிக்கும் ஆண்டு எதுவோ அதை இரு நிறுவனங்களும் அவனுக்குத் தள்ளுபடி செய்துவிட்டன! தொகையீடு என்பதை ஒருமுறையேனும் முறையாகக் கற்க அவனுக்கு வாய்ப்பு எங்கே கிடைத்தது? அவன் அரியர் வைத்தால் மட்டும், கவனமில்லாதவன் என்று நாம் கூசாமல் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இக்குறைபாட்டை அறியாததன்று. பி.எஸ்ஸி. பட்டத்தோடு இரண்டாம் ஆண்டில் சேர்பவன், அக்குழுவின் கணக்கில் முதலாண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் இயக்கவியலையும் உடன் எழுதித் தேறவேண்டும் என்று விதித்த அக்குழுவுக்கு, ஒருவன் கல்லாமல் விட்டதைக் கற்பிக்கவேண்டும் என்ற நியாயம் நன்கு விளங்கியே இருந்தது. அதே நியாயத்தைத் திருப்பி, கணிதம் விடுபட்டவனுக்குக் கணிதத்தை விதிக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை? இடைவெளியை நிரப்பும் பாலப் படிப்பு நடத்துங்கள் என்று குழுவின் கையேட்டில் ஓர் உபதேசம் உண்டு. மூன்றாம் பருவத்தின் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டே, தேர்வுமின்றி மதிப்புமின்றிக் கேட்கும் சில வகுப்புகள் இரண்டு பருவக் கணிதத்துக்கு ஈடாகிவிடுமா?

சிறுசேரியில் வசிப்பவனுக்கு இந்த முரண்பாடு கண்முன்னேயே இருக்கிறது. அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குள் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம், தான் எதைக் கற்பிக்கப்போகிறதோ அதையே நுழைவுத் தேர்வில் சோதித்து மாணவரைத் தேர்கிறது. அத்தகைய கடுமையை இங்கே நான் வேண்டவில்லை. திருப்போரூரிலிருந்தும் செய்யூரிலிருந்தும் வரும் பிள்ளையைத் தேர்வு வைத்துத் திருப்பியனுப்புவது அநியாயம். சோதிக்காமல் சேர்த்துக்கொள்வது தயை. சேர்த்துக்கொண்டபின் கற்பிக்காமல் விடுவதைத் தயை என்று எவரும் எனக்கு நிரூபித்துக் காட்டியதில்லை. கொதிகலனின் சுவர் வழியே வெப்பம் கடத்தப்படும் சமன்பாட்டை எழுதத் தெரியாமல் பட்டம் பெறுபவன், அதே பூங்காவின் மென்பொருள் நிறுவனமொன்றில் இடம் கிடைத்ததும் தன் துறையை நிம்மதியாக மறந்துவிட விரும்பினால், குற்றம் அவனுடையதன்று.

மூன்றாம் பருவத்துக்குமுன், கணிதத்துக்கென்றே ஒரு முழுப் பருவத்தை, கட்டணமின்றி, உதவித்தொகையோடு, பட்டத்தில் சேரும் மதிப்பெண்ணோடு அமைக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. படிப்பு ஆறு மாதம் நீளும். அரியர் எழுதி எழுதிக் கழியும் காலத்தை எண்ணினால் அது பெரிதன்று. காலியிடங்களை நிரப்பத் தவிக்கும் தனியார் கல்லூரிகள், அந்த ஆறு மாதத்துக்கு அஞ்சி டிப்ளமாக்காரர்கள் வராமற் போய்விடுவார்கள் என்று எதிர்க்கக்கூடும். அவர்கள் எதிர்த்தால், ‘ஓராண்டு மிச்சம்’ என்ற வாக்கியத்தில் மிச்சம் யாருக்கு என்பதை அரசு அவர்களிடமே கேட்கட்டும்.