நிகாஹும் அரசுப் பதிவேடும்

தன்பால் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு கோரிய சுப்ரியோ வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 அக்டோபர் 17இல் தீர்ப்பளித்தது. திருமணம் அடிப்படை உரிமையன்று, சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்றது. கோரிக்கையை எதிர்த்து வாதிட்டோருள் ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்தும் ஒன்று. ஆயினும் இதனை நமக்குக் கிட்டிய வெற்றியெனக் கொள்வதற்கில்லை.

நிகாஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஈஜாப், கபூல், சாட்சிகள், மஹ்ர் என அதன் வரையறை தெளிவானது. அதில் ஐயமில்லை. ஆனால், வழக்கின் மையமான 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் ஷரீஅத்தின் கிளையன்று. சமயம் வினவாத அரசுப் பதிவேடு. அதன் வாசலை நம் மார்க்க விதியால் அடைக்கக் கோரினால், பெரும்பான்மையோர் தம் வழக்கத்தால் நம் வாசலை அடைக்கும்போது எந்த நியாயத்தை முன்வைப்போம்? உத்தரகாண்டில் பொதுச் சிவில் சட்டம் 2025 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

எதிர்ப்பால் உறவிலுள்ள திருநர், நடப்புச் சட்டங்களின்படி மணக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஒருமனதாக ஏற்றது. சித்திரைதோறும் கூவாகம் செல்லும் திருநங்கையர் விழுப்புரத்தில் திரள்வதைக் காணும் நமக்கு இது அயற்செய்தியன்று. குன்ஸா வேறு, இன்றைய திருநங்கை வேறு எனினும், குன்ஸாவின் வாரிசுப் பங்கையும் தொழுகை வரிசையையும் முற்கால ஃபுகஹாக்கள் நுணுகி ஆராய்ந்தனர்; எவரையும் சட்டத்திற்கு வெளியே நிறுத்தவில்லை.

மார்க்கத்தின் ஹுக்ம் முஃமினைக் கட்டுப்படுத்தும். குடிமக்களின் உரிமையை அளப்பது அரசமைப்பு. இவ்விரண்டையும் குழப்புவோர் இரண்டையுமே இழப்பர்.