நிரல் எழுத ஒரு மடிக்கணினி: எடையும் விலையும் மட்டும் போதுமா?

2023-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ரிலையன்ஸ் குழுமம் 'ஜியோபுக்' என்னும் மடிக்கணினி ஒன்றை அறிமுகம் செய்தது. விலை 16,499 ரூபாய். எடை 990 கிராம். 11.6 அங்குலத் திரை, 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பகம், எட்டு உள்ளகங்கள் கொண்ட மீடியாடெக் 8788 செயலி, 4ஜி சிம் வசதி ஆகியவை அதில் இருந்தன. சி, சி++, ஜாவா, பைத்தான், பெர்ல் ஆகிய நிரல்மொழிகளை மாணவர்கள் இதிலேயே பயிலலாம் என்றும் அறிவிப்பில் சொல்லப்பட்டது. குறைந்த விலை, குறைந்த எடை, நிரல் எழுதும் வசதி என்ற இம்மூன்றையும்தான் கணினிப் பாடம் எடுத்துக்கொண்ட வசதி குறைந்த மாணவர் கேட்கிறார். எனவே இக்கருவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இந்த வேண்டுகோள் எவ்வளவு தூரம் நிறைவேறும் என்று பார்ப்பது பயனுடையது. கடையில் இன்று வேறு பெயர்களில் வேறு கருவிகள் இருக்கலாம். அவற்றின் பெட்டியில் அச்சிடப்படும் எண்கள் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்தவை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 990 கிராம் என்பது எளிய சாதனை அன்று. நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வரும் மாணவிக்குப் பையில் முக்கால் கிலோ குறைவது பெரிய விஷயம். 'ஒரு கிலோகூட இல்லை சார், இதில் கோடிங்கும் வருமாம், அப்பா வாங்கித் தருகிறேன் என்கிறார்' என்று என்னிடம் ஒரு மாணவி சொன்னபோது, அவர் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால்தான் கேள்விகளை அடுக்கினேன். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் பொருளாக ஒரு குடும்பம் கருதுவதை, ஓராண்டில் போதாமல் போகும் பொருளாகச் செய்து விற்றால், அதை மலிவு என்று சொல்ல முடியாது.

நிரல் எழுதுவதற்கு உண்மையில் என்ன வேண்டும்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாண்டில் வேண்டுவது மிகச் சிறிது. சி மொழிக்கான தொகுப்பியும் பைத்தானும் எந்தக் கணினியிலும் ஓடும். 1991-இல் வந்த டர்போ சி++ 3.0-ஐ விடாப்பிடியாக வைத்திருக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. அதற்கு அருங்காட்சியகத்தில் உள்ள கணினியே போதும்! 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' என்னும் பரவலான எழுதுகருவிக்குக்கூட 1 கிகாபைட் நினைவகமும் 1.6 கிகாஹெர்ட்ஸ் செயலியும் போதும் என்றே அதை வெளியிடும் மைக்ரோசாஃப்ட் கூறுகிறது. ஆனால் எழுதுகருவியை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு எவரும் நிரல் எழுதுவதில்லை. பக்கத்தில் உலாவி திறந்திருக்கும். அதில் பாடக்குறிப்பு, பிழைக்கு விளக்கம், ஒரு காணொளிப் பாடம் எனப் பத்துப் பக்கங்கள் இருக்கும். நினைவகத்தை விழுங்குவது இந்த உலாவிதான். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் தரவுத்தளம், கைப்பேசிச் செயலி ஆகியவற்றுக்கு வந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 கிகாபைட், அதனுடன் போலிக் கைப்பேசியையும் இயக்க 16 கிகாபைட் வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. அதன் லினக்ஸ் பதிப்பு இன்டெல், ஏ.எம்.டி. வகைச் செயலிகளுக்கே வெளியிடப்படுகிறது. ஆக, கைப்பேசி வகைச் செயலியைக் கொண்ட ஜியோபுக்கில் கைப்பேசிச் செயலி எழுதும் முறையான கருவியை நிறுவ வழியில்லை. இது சற்று விந்தையான முரண்தான்.

நினைவகம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை இயற்பியல் மாணவர்க்கு உரிய முறையில், கால அளவுகளைக் கொண்டு பார்க்கலாம். செயலி ஒரு தரவை ரேம் நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகிறது. நினைவகம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் சில பக்கங்களைச் சேமிப்பகத்துக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்து மீட்க ஏறக்குறைய 100 மைக்ரோ வினாடி. சுழலும் பழைய வன்தட்டிலிருந்து மீட்க 10 மில்லி வினாடி. இவை எல்லாமே நமக்குக் கணப்பொழுதாகத் தோன்றும். ஆகவே அளவைப் பெருக்கிப் பார்ப்போம். ரேமிலிருந்து எடுப்பது ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுப்பது 17 நிமிடம். வன்தட்டிலிருந்து எடுப்பது ஒரு நாளும் நான்கு மணி நேரமும்! மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் புரட்டுவதற்கும், நூலகத்துக்கு நடந்துபோய் எடுத்துவருவதற்கும், வெளியூரிலிருந்து தபாலில் வரவழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. மலிவு மடிக்கணினிகளில் வைக்கும் இ.எம்.எம்.சி. என்னும் சேமிப்பகம் நல்ல எஸ்.எஸ்.டி.யைவிட மந்தமானது. 4 கிகாபைட் நினைவகமும் இ.எம்.எம்.சி.யும் ஒன்றாக அமைந்த கருவியில் உலாவியும் எழுதுகருவியும் சேர்ந்து ஓடும்போது, விசையைத் தட்டி எழுத்து வரும்வரை காத்திருக்க நேர்வது இதனால்தான். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

செயலியைப் பற்றிய 'எட்டு உள்ளகம்' என்ற பெருமையையும் நிதானமாகவே கேட்க வேண்டும். மீடியாடெக் 8788-இல் நான்கு பெரிய உள்ளகங்கள், நான்கு சிறிய உள்ளகங்கள். பெரியவை கார்ட்டெக்ஸ் ஏ-73 என்னும் வடிவமைப்பு. ஆர்ம் நிறுவனம் அதை வெளியிட்ட ஆண்டு 2016. மாணவர் எழுதும் சிறு நிரலைத் தொகுக்கவும் ஓட்டவும் பெரும்பாலும் ஓர் உள்ளகமே உழைக்கிறது. எட்டு மாடு தொழுவத்தில் நின்றாலும் ஏர் ஒன்றானால் உழுவது இரண்டு மாடுதானே.

எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி பெட்டியில் பெரிய எழுத்தில் இராது. நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியுமா? ஜியோபுக்கில் இருப்பது எல்.பி.டி.டி.ஆர். 4 வகை. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவதற்காகவே உருவான இந்த வகையைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். இணைப்புப் பாதை குறுகுவதால் மின்சாரம் மிச்சம். தனிச் செருகுவாய் இல்லாததால் கருவியும் மெலிகிறது. அந்த 990 கிராமில் இதற்கும் பங்குண்டு. பொறியியல் நோக்கில் இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் வாங்கியவர் 4 கிகாபைட்டுடன் கடைசிவரை வாழ வேண்டியதுதான்.

ஆகவே ஜியோபுக்கைப் பற்றி என் முடிவு இது: பள்ளி மாணவர் பைத்தானில் முதல் அடி எடுத்துவைக்க, குறிப்பெடுக்க, பாடம் பார்க்க ஏற்ற கருவி. மூன்று நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு முழுவதற்கும் ஒரே கணினியாக அதை வாங்கச் சொல்ல என்னால் முடியாது. 'நிரல் பயிலலாம்' என்ற வாக்கியம் பொய்யன்று. எதுவரை பயிலலாம் என்பதுதான் விடுபட்டுப்போயிற்று.

இதைவிடச் சில ஆயிரம் கூடுதலாக, விண்டோசுடன் விற்கும் புதிய மடிக்கணினிகள் மேலானவையா? சில மேலானவை. பல, அதே குறையை அகன்ற திரையில் காட்டுபவை. செலரான் என்.4020 அல்லது என்.4500, பற்றவைத்த 4 கிகாபைட், 64 கிகாபைட் இ.எம்.எம்.சி. என்ற அமைப்பைப் பாருங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்த குறைந்தபட்ச எல்லை எதுவோ அந்த 4-உம் 64-உம் அப்படியே இங்கே இருக்கின்றன. தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால் சரியாக 35 வாங்கும் மாணவரைப் போல!

பெயர்களும் மயக்குகின்றன. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யு செயலி 2022-இல் வந்தது. பெயரின் தொடக்கத்தில் 7 இருப்பதால் அது புத்தம்புதிய வடிவமைப்பு என்று நினைப்போம். இந்த எண்வரிசையில் உள்வடிவமைப்பைக் காட்டுவது மூன்றாம் இலக்கம். அது 2 என்றால் சென் 2. 2019-இல் முதலில் வந்த வடிவமைப்பு. 7530யு என்றால் சென் 3. விலைப்பட்டியலில் இரண்டும் 'ரைசன் 5' என்றே நிற்கும். இந்த 7520யு நிரல் எழுதப் போதுமானதே. அதையும் 8 கிகாபைட்டையும் சேர்த்துப் பற்றவைத்து விற்கும்போது, பிற்பாடு கூட்ட முடியாது என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

இப்போது எதிர்முனைக்கு வருவோம். பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்க்குக் கொடுத்த மடிக்கணினிகளைச் சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவை செப்பனிடப்பட்டுச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் 2018-இல் வெளிவந்த லெனோவாவின் திங்க்பேட் டி.480-ஐ எடுத்துக்கொள்வோம். 14 அங்குலத் திரை. பெரும்பாலானவற்றில் நான்கு உள்ளகங்கள் கொண்ட எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி. அடிப்பலகையைக் கழற்றினால் நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்கள். 32 கிகாபைட் வரை போடலாம். சேமிப்பகத்தையும் மாற்றலாம். உள்ளே 24 வாட்-மணி மின்கலம் ஒன்று. பின்புறத்தில் கையாலேயே கழற்றி மாட்டும் மின்கலம் இன்னொன்று. இவ்வரிசையில் 2019-இல் வந்த டி.490-இல் அந்தப் பின்புற மின்கலமும் போயிற்று, நினைவகத்தின் ஒரு பகுதியும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. முன்னேற்றம் என்பது எப்போதும் வாங்குபவரின் பக்கம் நோக்கியே நடப்பதில்லை.

விசைப்பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிரல் எழுதுவோர் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, அடிக்கோடு என்று ஓயாமல் தட்டுபவர்கள். திங்க்பேட்டின் விசைகள் நன்கு அழுந்தி மேலெழுகின்றன. எந்த விளம்பரத்திலும் எண்ணாக எழுத முடியாத நன்மை இது. திரையிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வரிக்கு 20 படப்புள்ளி உயரம் என்றால், 768 புள்ளி உயரமுள்ள திரையில் 38 வரிகள். 1080 புள்ளித் திரையில் 54. தலைப்புப் பட்டை, முடிவு காட்டும் பகுதி ஆகியவற்றைக் கழித்தால் முதல் திரையில் மிஞ்சுவது இருபத்தைந்து வரிகூட இராது. ஒரு சார்பின் தொடக்கமும் முடிவும் ஒருசேரக் கண்ணில் படாவிட்டால் பிழை தேடுவது பெரும் தொல்லை. டி.480-ஐ 768 புள்ளித் திரையுடனும் விற்றிருக்கிறார்கள். அதைத் தவிர்ப்பது நலம்.

டி.480-க்குக் குறைகள் இல்லாமல் இல்லை. எடை 1.6 கிலோவிலிருந்து தொடங்குகிறது; பெரிய மின்கலம் மாட்டினால் இன்னும் ஏறும். சாதாரணத் திரையின் ஒளி மங்கல். வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்ய ஏற்றதன்று. மின்கலம் பழசாக இருக்கும். வாட்-மணியை வாட்டால் வகுத்தால் மணி கிடைக்கும்: 24-உம் 24-உம் சேர்ந்து 48 வாட்-மணி, நிரல் எழுதும்போது சராசரியாக 7 வாட் செலவானால் புதிதில் ஏறத்தாழ 7 மணி நேரம். மின்கலம் தேய்ந்து கொள்ளளவு 60 விழுக்காடாகிவிட்டால் 4 மணி நேரமே. ஆயினும் பின்புற மின்கலத்தை மட்டும் புதிதாக வாங்கி மாட்டலாம் என்பது ஆறுதல்.

ஜியோபுக்கின் எடைக்குறைவு இழப்பாகத்தான் செய்கிறது. அதற்காக நான் கணக்குப் பார்த்தபோது, சார்ஜர் நினைவுக்கு வந்தது. விளம்பரத்தில் சொல்லும் எடையில் சார்ஜர் சேராது. டி.480 யு.எஸ்.பி.-சி வழியாக மின்னேற்றம் பெறுவதால், அந்த வகைச் சார்ஜர் ஒன்று விடுதியிலோ ஆய்வகத்திலோ இருந்தால் சுமக்க வேண்டிய பொருள் ஒன்று குறைகிறது.

மலிவு என்பதை முழுப் பொருளில் எடுத்துக்கொண்டால் கடைக்கே போகாத ஒரு வழியும் உண்டு. 2011 முதல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அக்கணினி பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. என் மாணவர் சிலர் அப்படிப்பட்டதைத் திறந்து, வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, ரேமைக் கூட்டி, லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துகிறார்கள். மேலே சொன்ன கால அளவுகளின்படி, ஒரு நாளும் நான்கு மணியும் 17 நிமிடமாகக் குறைகிறது. கைச்செலவு புதிய கணினியின் விலையில் சிறு பகுதியே. மாதிரிக்கு மாதிரி அமைப்பு வேறுபடும். திறந்து பார்த்துச் செருகுவாய் இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்பே பாகங்கள் வாங்க வேண்டும்.

பழைய கணினியையே வாங்குவது என்று முடிவு செய்தவர், செயலி எட்டாம் தலைமுறைக்குக் கீழ் இருந்தால் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றுள் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்க்கு இக்கவலை இல்லை. டி.480-இல் யு.எஸ்.பி.-சி துளையைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதன் தண்டர்போல்ட் நிலைப்பொருளில் இருந்த கோளாறு அந்தத் துளையையே செயலிழக்கச் செய்யக்கூடியது. லெனோவா பின்னர் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. துளை வழியே மின்னேற்றம் ஆகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, திருத்தத்தை வீட்டில் நிறுவிக்கொள்ளலாம். மின்கலத்தின் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் ஒப்பிட்டுக் காட்டும் அறிக்கை விண்டோசிலேயே கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு விசையையும் ஒருமுறை தட்டுங்கள். பென் டிரைவில் லினக்ஸ் எடுத்துச் சென்று அதிலிருந்து கணினியைத் துவக்கிப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்ல சோதனை. கால் மணி நேரம் பிடிக்கும். கடைக்காரர் அதற்கு இசையாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். ரிச்சி தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.