காலண்டரின் இடது மூலை

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம். இவற்றோடு, கட்டத்தின் வலது மூலையில், தேடினால் மட்டுமே கண்ணில் படுகிற பென்சில் புள்ளி ஒன்று மாதத்துக்கு ஒருமுறை இருக்கும். அது அம்மாவுடையது. எனக்கு 13 வயதானபோது இடது மூலையை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தாள்.

மாதவிடாய்க் கணக்கு வைக்கும் செயலிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் புள்ளிதான் முதலில் வந்து நிற்கிறது. ஆனால் அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. அந்தப் புள்ளிகளை அப்பத்தாவும் படிப்பார். குலதெய்வம் கோயிலுக்கு எந்த வெள்ளிக்கிழமை போவது, யார் போகாமல் வீட்டில் இருப்பது என்பதெல்லாம் அந்த இரண்டு மூலைகளைப் பார்த்தே முடிவாகும். என் உடம்பின் கணக்கு எனக்குப் பயன்பட்டதைவிட வீட்டின் தீட்டுக் கணக்குக்கே அதிகம் பயன்பட்டது. அதனால், பல வருஷம் கழித்து முதன்முதலாக ஒரு செயலியைக் கைபேசியில் இறக்கியபோது, கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்ததுபோல ஒரு நிம்மதி.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான். கடைசியாக வந்தது எப்போது, அடுத்தது ஏறக்குறைய எப்போது. எந்த மகப்பேறு மருத்துவரிடம் போனாலும் உட்கார்ந்தவுடன் கேட்கிற கேள்வி முதலாவது. கர்ப்பத்தின் 40 வாரங்களையும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். செயலியோ என் நோக்கம் என்ன என்று ஆரம்பித்தது. கருத்தரிக்க வேண்டுமா, கூடாதா, சும்மா கணக்கு வைக்கவா? பிறகு எடை, தூக்கம், குடித்த தண்ணீர், உடலுறவு, மனநிலைக்கு வரிசையாக முகங்கள். எல்லாம் ரோஜா நிறத்தில், பூவிதழ்கள் சூழ. எளிமையான செயலி என்று அதற்கு நட்சத்திரங்கள் குவிந்திருந்தன. விரலுக்கு எளிமைதான். இப்போது ஒரு கருவி எளிமையானதா என்று தெரிந்துகொள்ள நான் வேறு இரண்டைப் பார்க்கிறேன்: அது எதையெல்லாம் கேட்கிறது, கேட்டதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2014இல் ஆப்பிள் தன் ஐபோனில் உடல்நலப் பதிவுக்கான செயலியைக் கொண்டுவந்தபோது, இரத்தத்தில் மதுவின் அளவைக் குறிக்க இடம் இருந்தது, இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தோம் என்று குறிக்க இடம் இருந்தது, மாதவிடாய்க்கு இல்லை. அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். பெரியவர்கள் மறந்துபோன இடத்தில், நம்மை நினைவில் வைத்திருந்த ரோஜா நிறச் செயலிகளை நாம் கேள்வி கேட்காமல் நம்பியதில் வியப்பில்லை.

நம்பியதற்கு என்ன நடந்தது? 2019இல் பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இத்தகைய செயலிகள் சிலவற்றைச் சோதித்தது. பெங்களூருவில் உருவான மாயா, பெண்கள் உள்ளிட்ட விவரங்களை ஃபேஸ்புக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. அந்த இணைப்பை நீக்கிவிட்டதாக நிறுவனம் பிறகு சொன்னது. 2021இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் ஃப்ளோ செயலிமீது இதேபோன்ற குற்றச்சாட்டை வைத்தது. உங்கள் விவரம் பத்திரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்தார்கள் என்பது புகார். தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பை நீக்கியதும் அங்கே பல பெண்கள் இச்செயலிகளை அழித்தார்கள். ஒரு நாள் தள்ளிப்போனது சாட்சியாகிவிடலாம் என்ற பயம்.

நம் பயம் அவ்வளவு தொலைவில் இல்லை. எனக்கு 46 வயதில் சுழற்சி தாறுமாறாகத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசைமேல் கிடந்த என் ஃபோன் ஒளிர்ந்தது. ஒன்பது நாள் தாமதம், பரிசோதித்துவிட்டீர்களா என்று கேட்டது செயலி. பக்கத்தில் இருந்த நாத்தனார் படித்துவிட்டு, “என்ன மதினி, இந்த வயசுல விசேஷமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பத்தா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது எனக்கு.

தாமதம் என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எதற்குத் தாமதம்? ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், சரியாக 28 நாளில் முடிந்தவை ஏறத்தாழ 13 சதவீதம்தான். (அந்த எண்ணிக்கையே ஒரு செயலியில் பெண்கள் பதிந்த விவரங்களிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடுப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. கேட்டுப் பெறுவதும் எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல.) மாதவிடாய் நிற்கிற வயதில் இருப்பவளுக்கோ தாமதம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்பார்கள் மருத்துவர்கள். அப்படியானால் எனக்கு வேண்டியது வராத நாள்களை அமைதியாக எண்ணித் தருகிற கருவி. எனக்குக் கிடைத்ததோ, கருத்தரிக்கும் பெண்ணை மட்டுமே கற்பனை செய்யத் தெரிந்த ஒன்று.

இப்போது ட்ரிப் என்ற செயலியை வைத்திருக்கிறேன். பெர்லினில் ஒரு கூட்டுக்குழு உருவாக்கிய திறமூலச் செயலி. கணக்குத் தொடங்கச் சொல்லாது, மின்னஞ்சல் கேட்காது. பதிவதெல்லாம் ஃபோனுக்குள்ளேயே இருக்கும், கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். சில சுழற்சிகள் பதிந்த பிறகே ஊகம் சொல்லும். குறை இல்லாமலில்லை. உடல் வெப்பநிலை, கருப்பை வாய்ச் சளி என்று அதிலும் நிறையக் கட்டங்கள் உண்டு, புதிதாகத் திறப்பவளை அவை மிரட்டும். அவற்றைத் தொடாமல் விட்டாலும் ஒன்றும் சொல்லாது என்பது ஆறுதல். பிரதி எடுத்து வைக்காமல் ஃபோனைத் தொலைத்தால் கணக்கும் போய்விடும். அம்மாவின் காலண்டர்களும் ஜனவரி பிறந்ததும் அடுப்படியில் பாத்திரத்துக்கு அடியில் விரிக்கத்தான் போயின.

போன வாரம் அண்ணன் மகள் விடுதிக்குக் கிளம்பும்போது எந்தச் செயலி நல்லது என்று கேட்டாள். இதைக் காட்டினேன். கடவுச்சொல் போடச் சொன்னேன். எந்தச் செயலியாக இருந்தாலும் பூட்டிய திரையில் அறிவிப்பு தெரியாதபடி முதலில் அணைத்துவிடு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

“கலரே நல்லா இல்லையே அத்தை” என்றாள். ஆனாலும் இறக்கிக்கொண்டாள்.