நன்றி: பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

திருக்குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், 101 முதல் 110 வரை. பத்துக் குறளிலும் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அங்கே வருவதெல்லாம் அறிவது, நினைப்பது, மறக்காமல் இருப்பது, நட்பைக் கைவிடாமல் இருப்பது.

காரணம் சொல்லிலேயே இருக்கிறது. இன்று நன்றி என்றால் 'தேங்க்ஸ்'. உதவி வாங்கியவர் வாயிலிருந்து வருவது. இந்த அதிகாரத்திலோ நன்றி என்பது அந்த உதவியேதான், ஒருவர் நமக்குச் செய்த நன்மை. ஆகவே அது சொல்லப்படுவதல்ல, அறியப்படுவது. "வீட்டுல சோறு போட்டா ஒரு தேங்க்ஸ் சொல்றோமா? நம்ம ஆளுங்களுக்கு நன்றியே கிடையாது" என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வாய்ச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் கண்டக்டரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவோம்? அதற்கான இடம் முந்தைய பத்தாம் அதிகாரம், 'இனியவை கூறல்'.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் 110இல் வருகிறது. எந்த அறத்தைச் சிதைத்தவருக்கும் மீள வழி உண்டு, ஒருவர் செய்த உதவியை அழித்தவருக்கு இல்லை என்கிறது அது. பரிமேலழகர் இதை இன்னும் இறுக்குகிறார். மீட்சி உள்ள பாவங்கள் என்று அவர் எடுத்துக்காட்டுவதே பசுவின் மடியை அறுப்பது, கருவைச் சிதைப்பது போன்றவை. புறநானூறு 34இலிருந்து வரும் பட்டியல் இது. அவற்றையும்விட நன்றி கொல்வது பெரிய குற்றமாம்.

இந்தக் கடுமையைத்தான் ஆட்கள் கையில் எடுக்கிறார்கள். "உன்னை ஆளாக்கினது யாரு?" என்று கேட்கும் முதலாளி, "உப்பிட்டவரை மறக்கலாமா" என்று பேசும் தலைவர், ஓட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுச் சத்தியம் வாங்கும் கட்சிக்காரர். "காசு வாங்கிட்டோம், மாத்திப் போட்டா பாவம்" என்று உண்மையாகவே மனம் உறுத்தும் மக்களும் இருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள், அந்த நல்ல குணத்தை வைத்துத்தான் அவர்களைக் கட்டுகிறார்கள்.

என் வாசிப்பில் இந்த மிரட்டலுக்குக் குறளில் இடமே இல்லை. முதலாவதாக, 103ஆம் குறள் போற்றுவது பயனை எடைபோடாமல் செய்த உதவியை. ஓட்டை எதிர்பார்த்துக் கொடுத்த பணம் அந்தக் கணக்கில் சேராது. இரண்டாவதாக, நினைத்துக்கொள், மறக்காதே என்பதெல்லாம் வாங்கியவரிடம் சொல்லப்படுவது. 'நான் செய்தேனே' என்று கேட்கும் உரிமையைக் கொடுத்தவருக்கு ஒரு குறளும் தரவில்லை. புறநானூற்றுப் பாடலிலும் ஆலத்தூர் கிழார் என்ற புலவர்தான் தன்னைப் பற்றிப் பேசுகிறார். சோழன் கிள்ளிவளவன் அவரிடம் எதையும் கேட்டு வாங்கவில்லை.

ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னால் முடிக்க முடியவில்லை. துன்பத்தில் துணை நின்றவர் நட்பை விடாதே என்கிறது 106. கொலை போன்ற கொடுமை செய்தாலும், முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அது மறைந்துவிடும் என்கிறது 109. இரண்டையும் சேர்த்து, அடிவாங்கும் ஒரு பெண்ணிடம் சொன்னால் என்ன ஆகும்? "ஆரம்பத்துல நல்லாத்தானே வெச்சிருந்தாரு" என்று அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். 109 பேசுவது மனக்கசப்பு தணிவதைப் பற்றித்தான், அங்கேயே கிடந்து அடிவாங்கு என்று அல்ல என வாதிடலாம். ஆனால் அந்த வேலியை இந்த அதிகாரத்துக்குள் நான் காணவில்லை.

வேலி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் அதிகாரம் 'நடுவு நிலைமை'. அது ஏன் இதற்குப் பின்னால் வைக்கப்பட்டது என்பதற்குப் பரிமேலழகரே காரணம் சொல்கிறார்: உதவி செய்தவரை நினைக்கும்போது நடுநிலை சிதையும், அங்கேயும் சிதையக்கூடாது என்பதற்காகவே இந்த வைப்பு. 110க்கு அவ்வளவு கடுமையாக உரை எழுதியவரே அடுத்த அதிகாரத்தின் வாசலில் நன்றிக்கு எல்லை போடுகிறார். அவர் உரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மேடைகளில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கர்ணன் கதையை நாம் கொண்டாடும் விதத்தில் விடுபடுவதும் இதுதான். 1964இல் வந்த 'கர்ணன்' படத்துக்குப் பிறகு செஞ்சோற்றுக்கடன் என்றாலே கண் கலங்குகிறோம். துரியோதனன் பக்கம் நியாயம் இருந்ததா என்ற கேள்வி அந்தக் கண்ணீரில் கரைந்துவிடுகிறது.

பத்தாம் அதிகாரப்படி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம், பதினொன்றின்படி காலத்துக்கும் நினைவில் வைக்கலாம். தீர்ப்பு, சாட்சி, ஓட்டு என்று வந்தால் பன்னிரண்டைத் திறக்க வேண்டும். உதவி செய்தவருக்கு நாம் தர வேண்டியதில் அவை சேரா.