இரவல் அடைமொழி

நூம்பலில் பொழுது புலர்வதற்கு முன்பே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை விழித்துவிடுகிறது. வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் சீருடை அணிந்த இளைஞர்கள் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. தோளில் சோற்று டப்பா வைத்த பை. பேருந்து வந்ததும் ஏறி அமர்ந்து, இருங்காட்டுக்கோட்டைக்கோ ஒரகடத்துக்கோ போய்ச் சேரும்வரை உறங்குகிறார்கள். இத்தகையோரின் உழைப்பினால்தான் சென்னைக்கு 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்னும் பட்டம் வாய்த்தது. இவர்களுள் எத்தனை பேருக்கு டெட்ராய்ட் எங்கே இருக்கிறது என்று தெரியும் என ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்களுள் எத்தனை பேருக்கு இந்த நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்னும் வினா அடுத்து எழுந்தது. இரண்டாம் வினாவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஒரு கவிதையைத் திறனாய்வு செய்வது போல ஒரு பட்டப்பெயரையும் திறனாய்வு செய்யலாம். அதுவும் சொல்லால் ஆனது, உவமையால் இயங்குவது, கேட்பவர் மனத்தில் ஒரு படத்தை எழுப்பி, அதன்வழி ஒரு நம்பிக்கையையும் விதைப்பது. கவிதை பிழைபட்டால் ஓர் ஏடு வீணாகும். ஊரின் பட்டப்பெயர் பிழைபட்டாலோ, அதை நம்பித் தம் வாழ்வை அமைத்துக்கொண்டவர்கள் அல்லவா வீணாவார்கள்?

நம் இலக்கண நூலார் அடைமொழியை இருவகைப்படுத்துவர். 'செந்தாமரை' என்னும்போது, வெண்டாமரையும் உண்டு என்பது குறிப்பால் விளங்கும். இஃது இனஞ்சுட்டிய அடைமொழி. 'செஞ்ஞாயிறு' என்னும்போது வேறொரு ஞாயிறு இல்லை. இஃது இனஞ்சுட்டா அடைமொழி. ஊர்ப் பட்டங்களையும் இவ்வாறே பகுத்துப் பார்க்கலாம். மதுரையைத் 'தூங்கா நகரம்' என்றும், தூத்துக்குடியை 'முத்து நகர்' என்றும் சொல்லும்போது, அவ்வூர்களின் வாழ்விலிருந்தே எடுத்த பண்பு அடைமொழியாக நிற்கிறது. இரவுக் கடைத்தெருவும் முத்துக்குளித்தலும் அவ்வவ்வூருக்கே உரியவை. கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்றும், பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்றும், சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்றும் சொல்லும்போதோ, அடைமொழியாக வந்திருப்பது மற்றோர் ஊர், மற்றொரு நாடு. இவற்றை இரவல் அடைமொழிகள் எனலாம்.

இரவல் அடைமொழிக்கு ஒரு குறை உண்டு. தனித்தன்மையைக் காட்ட வந்த அது, தனித்தன்மையையே மறைத்துவிடும். மான்செஸ்டர் பட்டத்தைக் கோவை மட்டுமா சூடியது? அகமதாபாத்தும் கான்பூரும் அதைச் சூடியவையே. டெட்ராய்ட் பட்டமும் அப்படித்தான். தாய்லாந்து நெடுங்காலமாகத் தன்னை 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று அழைத்துக்கொண்டு வருகிறது. பலர் தலையில் மாறி மாறி ஏறும் மகுடம் எவர் தலைக்கும் அளவெடுத்துச் செய்ததாக இருக்க முடியாது.

இனி உவமைக்கு வருவோம். சொல்லப்படும் பொருளைவிட உவமை உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்பது தொல்காப்பியரின் உவமவியல் கொள்கை. சென்னையை டெட்ராய்ட் என்றவர்கள், டெட்ராய்டை உயர்ந்ததென்று கொண்டே அவ்வாறு சொன்னார்கள். அந்த உயர்வு பொய்யன்று. 1913ஆம் ஆண்டு, டெட்ராய்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு நிறுவனம் நகரும் தொகுப்பு வரிசையைத் தொடங்கியது. கார் செய்யும் முறையே உலகெங்கும் மாறியது. 1950இல் டெட்ராய்ட் நகரின் மக்கள்தொகை 18,49,568. அன்று அது ஒரு தொழில் யுகத்தின் தலைநகரம்.

அதன் பின் நடந்ததையும் பார்க்கவேண்டும். ஆலைகள் நகரை விட்டு வெளியேறின. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். கறுப்பின மக்கள்மீதான அநீதி புகைந்து, 1967இல் பெருங்கலவரமாக வெடித்தது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,13,777. 2013 ஜூலையில், ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடன் சுமையோடு அந்நகரம் நொடிப்பு அறிவித்து நீதிமன்றத்தின் படியேறியது. ஒரே தொழிலை நம்பி நின்ற நகரம், அத்தொழில் முகம் திருப்பியபோது என்னவாகும் என்பதற்கு அதுவே உலகறிந்த பாடமாயிற்று. அதே ஆண்டிலும் நம் மேடைகளில் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்னும் முழக்கம் ஓயவில்லை. உவமை தாழ்ந்தது, உவமித்தவர்கள் அதை அறியவில்லை.

நமக்கும் அப்பாடத்தின் ஓர் அத்தியாயம் வந்து சேர்ந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. நியாயமான இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஆலையை மீண்டும் ஏற்றுமதிக்காகத் திறக்க விரும்புவதாக 2024இல் அந்நிறுவனம் தமிழக அரசுக்குக் கடிதம் தந்தது, வரவேற்கத்தக்க செய்திதான். ஆயினும், நாற்பது வயதில் வேலை இழந்து, வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் சுமந்து நின்ற ஒருவனுக்கு, தன் ஊரின் பட்டம் அந்த இடைக்காலத்தில் என்ன ஆறுதல் தந்திருக்கும்?

இங்கே மறுதரப்பையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். பட்டம் வெறும் அலங்காரமன்று, அது முதலீட்டை அழைத்து வந்த அழைப்பிதழ் என்பர் சிலர். வெளிநாட்டு நிறுவனத்தாருக்குச் சென்னையின் வரலாற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒரே சொல்லில் விளங்கவைக்க வேண்டியிருந்தது என்பர். இதில் உண்மை உண்டு. 1996இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதனைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் எழுந்தன, ஐ.டி.ஐ. படித்த எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் வீடுகளில் அடுப்பு தவறாமல் எரிந்தது. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால், சந்தையில் அறிமுகத்துக்காகச் சொல்லும் பெயரை வீட்டிலும் பெயராக வைத்துக்கொள்வதுதான் பிழை.

அழைப்பிதழ் மறைத்த ஒன்றையும் சொல்லவேண்டும். சென்னை கார் செய்யக் கற்றது பட்டம் வந்த பின்பா? எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1949இல் தோன்றிய டி.ஐ. நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே சிறு பட்டறைகளில் கடைசல் எந்திரத்தின் முன் நின்று, மயிரிழை அளவும் பிசகாமல் இரும்பைச் செதுக்கக் கற்ற ஒரு தலைமுறை இருந்தது. பின்னாளில் வந்த பெருநிறுவனங்கள் இந்த மண்ணைத் தேர்ந்ததற்கு, துறைமுகத்தோடும் அரசு தந்த சலுகைகளோடும் அந்தக் கைகளின் தேர்ச்சியும் காரணம். 'டெட்ராய்ட்' என்ற சொல்லில் அம்பத்தூரும் இல்லை, ஆவடியும் இல்லை. நம் வியர்வைக்கு வேறோர் ஊரின் பெயரில் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஆவடியைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் செய்தது. 'ஆவடித் தீர்மானம்' என்றே வரலாறு அதைக் குறித்தது. எந்த அயலூரின் தோளிலும் ஏறாமல், தன் பெயராலேயே ஒரு சிற்றூர் இந்திய அரசியலின் சொல்லாயிற்று. அத்தகைய ஊரின் பெயரையே, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த படைத்தளச் சுருக்கம் என்று இன்று விளக்கம் சொல்வோர் உண்டு. நம் பெயர்களும் பிறர் தந்தவையாகவே இருக்கவேண்டும் என்னும் இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

1996இல் 'மெட்ராஸ்' சென்னையாயிற்று. இயற்பெயர் மீண்டது, ஆனால், தன்னடையாளத்தைத் தேடும் பயணம் அத்தோடு முடியவில்லை. அதே காலத்தில் 'சிங்காரச் சென்னை' என்னும் முழக்கம் எழுந்தது. 2021க்குப் பின் அது மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஆற்றங்கரைகளும் பூங்காக்களும் அழகுற வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. எனினும், சிங்காரம் என்பது பார்ப்பவர் கண்ணுக்கு உரியது. டெட்ராய்ட் என்பது வாங்குபவர் பைக்கு உரியது. இரண்டிலும் ஊரில் வாழ்பவனுக்கு இடம் எங்கே?

இவ்விரண்டுக்கும் முன்பே சென்னைக்கு மற்றோர் அடைமொழி இருந்தது. வள்ளலார் தம் இளமையில் பாடிய தெய்வமணிமாலையில், கந்தகோட்டத்து முருகனை அழைக்கும்போதெல்லாம் அவர் சென்னைக்குச் சூட்டுவது அறத்தை. இது நகரின் தோற்றத்தையோ வருவாயையோ குறிக்கவில்லை. அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கிறது. அச்சொல்லின் பொருளை அவரே பின்னாளில் செயலால் எழுதிக் காட்டினார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையில் பசித்தோருக்கு உணவு இன்றும் வழங்கப்படுகிறது. புகழ்ச்சியாகக் கேட்கும்போது இனிக்கிற அந்த அடைமொழி, கடமையாகக் கேட்கும்போது கனக்கிறது. நல்ல பட்டப்பெயருக்கு இதுவே உரைகல் என்பேன்.

இந்த உரைகல்லில் உரைத்தால், டெட்ராய்ட் என்னும் பெயருக்குள்ளும் பொன் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. நாம் கடன் வாங்கியது அதன் தகரத்தை மட்டுமே. 1701இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய அந்தக் குடியிருப்பு, 1805 ஜூனில் தீயில் கருகிச் சாம்பலாயிற்று. அங்கே தூய அன்னாள் ஆலயப் பங்குக் குருவாக இருந்தவர் அருட்தந்தை கபிரியேல் ரிச்சர்டு. பிரான்சிலிருந்து வந்த அவர், வீடிழந்தோருக்கு உணவு திரட்டினார். மேலானவற்றை நம்புகிறோம், சாம்பலிலிருந்து இவ்வூர் எழும் என்னும் பொருள்பட அவர் சொன்ன இலத்தீன் வாசகமே இன்றும் டெட்ராய்டின் நகர முத்திரையில் உள்ளது. 1809இல் அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார்; 1817இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிறுவனருள் ஒருவரானார்; அமெரிக்கக் காங்கிரசிலும் அமர்ந்தார். 1832இல் காலரா பரவியபோது, நோயுற்றோருக்குப் பணிசெய்து, அந்நோய்க்கே இரையானார். கார் தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் டெட்ராய்டுக்கு ஓர் ஆன்மா இருந்தது. நகரம் நொடித்தபோது மக்கள் பற்றிக்கொண்டது கார் நிறுவனங்களின் சின்னத்தை அன்று. அந்தப் பழைய வாசகத்தை. அந்த டெட்ராய்டைப் போல் நாம் ஆக விரும்பினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீண்டும் நூம்பலுக்கு வருகிறேன். இந்த நெடுஞ்சாலையின் ஊர்ப்பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: வேலப்பன்சாவடி, கரையான்சாவடி, குமணன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். நாள்தோறும் பேருந்து நடத்துநர் கூவும் இப்பெயர்களில், வருவோருக்கு நிழல் தந்த ஒரு மரபு உறைந்து கிடக்கிறது. பட்டம் தேடி உலக வரைபடத்தைப் புரட்டியவர்கள் இந்தப் பெயர்ப்பலகைகளைப் படிக்கவில்லை.

அந்த மரபு முற்றும் அழிந்துவிடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் நீரும் அடையாறும் வீடுகளுக்குள் புகுந்தபோது, ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கோவில்களும் பள்ளிக்கூடங்களும் கதவு திறந்தன. அன்று சென்னை முழுதும் ஒரு சாவடி. ஆனால் 2020 மே மாதத்தில், வடநாட்டிலிருந்து வந்து நம் ஆலைகளிலும் கட்டடங்களிலும் உழைத்தவர்கள், வேலையும் கூலியும் இன்றி, ஊருக்குப் போகும் ரயிலுக்காக ஏங்கிக் கிடந்தார்கள். சிலர் நடந்தே புறப்பட்டார்கள். அன்று நம் சாவடி பலருக்கு மூடியிருந்தது. ஒரே நகரம், ஐந்தாண்டுக்குள் இரண்டு முகங்கள். எது நம் முகம் என்று தீர்மானிப்பது பட்டம் சூட்டுவோர் கையில் இல்லை.

சென்னைக்கு நான் புதுப்பட்டம் ஒன்றும் முன்மொழியப் போவதில்லை. பட்டங்கள் போதும். இப்பகுதியின் வாடகை அறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நெருக்கியடித்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் வாங்கும் வாடகை நியாயமானதா? அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுக்க அடுத்த வீட்டில் ஆள் உண்டா? ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் நம் பங்கு இளைஞனை ஆலை நீக்கிவிட்டால், அவன் குடும்பத்தைக் கேட்டறிய நம்மில் யாரேனும் போவோமா? ஊரின் தனி அடையாளம் இத்தகைய கேள்விகளுக்கு நாம் தரும் விடைகளில்தான் எழுதப்படுகிறது.

நாளை விடியற்காலையும் அந்த இளைஞர்கள் வேலப்பன்சாவடியில் நிற்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்தின் பெயரிலேயே நம் கடமை எழுதப்பட்டிருக்கிறது.